கல்யாண ஜெனரேட்டரும் ஒரு கிணற்றுக் கணக்கும்

சர்வர் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம்மைத் தேடி வருகிறவர் யாரும் நல்ல செய்தியோடு வருவதில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாளில் நம் அறை எந்த மாடியில் இருக்கிறது என்றுகூட ஒருவருக்கும் தெரியாது. ஓடாத நாளில் பிரின்ஸ்பாலே படியேறி வந்து நிற்பார். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவள் நான். எந்தக் கட்டளையை எப்படி அடிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், தெரியாவிட்டாலும் தேடிக்கொள்வீர்கள். பின்னால் நாலு பேர் நின்றுகொண்டு அவசரப்படுத்தும்போது என்ன செய்வது என்பதைத்தான் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு அன்பழகன் சாருடைய கதையைவிட நல்ல கதை என்னிடம் இல்லை.

அன்பழகன் சார் அரியலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் ஆசிரியர். தலை நரைக்கத் தொடங்கிய பிறகு எங்கள் கல்லூரியில் பகுதிநேர ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து வருவார். கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்த வாரமாக இருந்தால் பையில் துளசி இருக்கும். வாட்ச்மேனில் தொடங்கி எல்லோருக்கும் இரண்டு இலை கொடுத்துவிட்டுத்தான் மேலே வருவார்.

அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துவிட்டுப் போன பள்ளங்கள் இருக்கின்றன. மழை பெய்தால் அவை குளம் மாதிரி நிற்கும். அந்தத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துப் பக்கத்து ஏரிக்கு விடலாமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. விடலாம் என்று வாயால் சொல்வது சுலபம். பள்ளத்தில் இறைக்க இறைக்கச் சுற்றியிருக்கும் ஆழ்துளைக் கிணறுகளில், அதாவது போர்களில், தண்ணீர் இறங்கிவிட்டால் என்ன செய்வது? ஏரிப் பாசனக்காரர்கள் ஒரு பக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்கள், போர் வைத்திருக்கிறவர்கள் இன்னொரு பக்கம் முறைத்துக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு அவருடைய பெரியப்பா நிலம் ஏரிப் பக்கம், மாமனார் நிலம் போர்ப் பக்கம். "கணக்கு எப்படி வந்தாலும் ஒரு வூட்ல எனக்குச் சோறு கிடையாதுங்க மேடம்" என்பார்.

நிலத்தடியில் தண்ணீர் எப்படி நகர்கிறது என்று கணக்குப் போடும் மென்பொருள் ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. இலவசமாகக் கிடைப்பதுதான். அவருடைய லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். அது மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அதனால் எங்கள் சர்வரில் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வந்தார்.

இப்படிப்பட்ட மென்பொருளை நிறுவுவது பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சம்பந்தி வீட்டை அழைத்தால் அவர்களோடு இன்னும் பத்துப் பேர் வருவதுபோல, ஒன்றை நிறுவப் போனால் அது இன்னொன்றைக் கேட்கும், அது மூன்றாவதைக் கேட்கும். அதிலும் இந்த மென்பொருள் கேட்ட லைப்ரரி, அதாவது துணை நிரல்களின் தொகுப்பு, புதியது. கணிதத் துறையினர் அதே லைப்ரரியின் பழைய பதிப்பை நம்பித் தங்கள் வேலையை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டால் என் வேலை ஒரு மதியத்தில் முடிந்திருக்கும், கணிதத் துறையின் சண்டை அடுத்த வருஷம் வரை நீடித்திருக்கும். எனவே அன்பழகன் சாருக்கென்று தனியாக ஒரு மூலையை ஒதுக்கி, அவருக்கு வேண்டிய எல்லாவற்றையும் அங்கேயே கட்டினேன். அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஒருவரைக் குடிவைப்பதற்காக ஏற்கெனவே குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லாதீர்கள்.

எல்லாம் முடிந்து, பிழை எதுவும் காட்டாமல் மென்பொருள் திறந்தது. அன்பழகன் சார் உடனே தன் கணக்கை ஏற்றப் பார்த்தார். நான் விடவில்லை. விடை தெரிந்த கணக்கு ஏதாவது ஒன்றை முதலில் கொடுங்கள் என்றேன். சமதளமான நிலம், நடுவில் ஒரே ஒரு கிணறு, அதில் தண்ணீர் இறைத்தால் சுற்றிலும் எவ்வளவு இறங்கும் என்ற கணக்கைக் காகிதத்திலேயே போடலாமாம். அவர் ஒரு தாளில் போட்டார், நான் சர்வரில் ஓட்டினேன். இரண்டும் ஒத்துப்போயின. அவர் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் அந்தச் சின்னக் கணக்கை சர்வரிலேயே சேமித்து வைத்துக்கொண்டேன். மென்பொருள் திறப்பதும் சரியாகக் கணக்குப் போடுவதும் ஒன்றல்ல என்பதால் அது என் பழக்கம்.

அதன் பிறகு அவருடைய பெரிய கணக்கை ஏற்றினோம். இரண்டு பள்ளங்கள், ஏரி, சுற்றுவட்டாரக் கிணறுகள், போர்கள், மழை என்று எல்லாம் அதற்குள் இருந்தன. வாரக்கணக்கில் ஓடும் என்று தெரியும். மென்பொருளில் ஒரு வசதி இருந்தது. அவ்வப்போது தன் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ளும், நடுவில் நின்றுபோனால் அந்த இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் அதைப் போட்டால் வேகம் குறையும். கூட்டத்துக்கு முன்னால் முடிய வேண்டும் என்று அன்பழகன் சார் அதை எடுத்துவிட்டார். கூட்டம் என்றால் அரியலூரில் அதிகாரிகளும் இரு பக்கத்து விவசாயிகளும் உட்காரப்போகிற கூட்டம். அவருடைய விடையைக் கேட்டுத்தான் மோட்டார் வைப்பதா வேண்டாமா என்று முடிவாகும் என்றிருந்தது.

கணக்கு ஓடியது. எத்தனை சதவீதம் முடிந்தது என்பதை மட்டும் அவருடைய போனுக்கு அனுப்பும்படி செய்து கொடுத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அதை எடுத்துப் பார்ப்பாராம். எண்பதைத் தாண்டியது, தொண்ணூறைத் தாண்டியது. எனக்கும் நிம்மதி. சர்வர் முழு மூச்சில் வேலை செய்கிறது, வேறென்ன வேண்டும்?

அப்போதுதான் மறுநாள் காலை ஒன்பது மணி முதல் மாலை வரை எங்கள் பகுதியில் பராமரிப்புக்காக மின்சாரம் இருக்காது என்ற அறிவிப்பு வந்தது. மாதத்துக்கு ஒரு முறை வருவதுதான். வழக்கமாகக் கல்லூரி ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும். அந்த வாரம் பார்த்து அதன் பாதி உடம்பு ரிப்பேருக்காகத் திருச்சிக்குப் போயிருந்தது. யுபிஎஸ் தாங்குவது சர்வரை ஒழுங்காக அணைக்கப் போதுமான நேரம்தான். கணக்கு முடிய இன்னும் ஒரு நாளுக்கு மேல் வேண்டும். நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், கூட்டத்துக்கு விடை இருக்காது.

அன்பழகன் சாருக்குப் போன் செய்தேன். காலையில் முதல் பஸ்ஸில் வருவதாகச் சொன்னார்.

காலையில் நான் போகும்போதே பிரின்ஸ்பால் சார் ஏற்பாடுகளைத் தொடங்கிவிட்டிருந்தார். அவர் ஒரு வேலையைக் கையில் எடுத்தால் நம்மிடம் கேட்கும் நேரத்துக்கு அது பாதி முடிந்திருக்கும். எதிரே இருந்த கல்யாண மண்டபத்தில் அன்று முகூர்த்தம். மண்டபத்துக்கு லாரியில் ஜெனரேட்டர் வந்திருந்தது. அதன் சொந்தக்காரர் குரும்பலூர் காதர் பாய். பிரின்ஸ்பால் நேரே போய்ப் பெண்ணின் அப்பாவிடம் பேசி, அவர் சம்மதித்து, காதர் பாய் ஆட்கள் ரோட்டின் குறுக்கே கேபிளை இழுத்து எங்கள் ஜன்னல் வரை கொண்டுவந்துவிட்டார்கள். நாதஸ்வரமும் கேபிளும் ஒன்றாக உள்ளே வந்தன.

நான் காதர் பாயை ஓரமாக அழைத்து, மண்டபத்தில் என்னென்ன ஓடும் என்று கேட்டேன். ஏசி, விளக்கு, மைக், சமையல் கட்டில் பெரிய கிரைண்டர் என்று அடுக்கினார். கிரைண்டர் போடும்போது லைட் மங்குமா என்று கேட்டேன்.

"மங்கும்ங்க. பொய் சொல்லக் கூடாது. ஒரு நிமிஷம் மங்கிட்டு எந்திரிச்சுரும். இன்ஷா அல்லாஹ் வேற ஒண்ணும் ஆகாது" என்றார்.

லைட் மங்கி எழுந்துவிடும். சர்வருக்கு அப்படி இல்லை, மின்சாரம் அப்படித் தடுமாறினால் டிஸ்க்கே போய்விடலாம். அதே டிஸ்க்குகளில் நாலைந்து துறைகளின் பல வருஷ வேலை இருந்தது. ஒரு பக்கம் ஒரு மனிதரின் உழைப்பு, இன்னொரு பக்கம் எல்லோருடைய பொருளும். மணி எட்டைத் தாண்டிவிட்டது.

அன்பழகன் சார் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கேபிளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்த்தபின் எனக்கு வேண்டாம் என்று சொல்ல இன்னும் கஷ்டமாகிவிட்டது.

"கனெக்‌ஷன் குடுங்க மேடம். என்ன ஆனாலும் நான் பாத்துக்கறேன்" என்றார் பிரின்ஸ்பால்.

இந்த வாக்கியத்தை உங்களிடமும் ஒரு நாள் யாராவது சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் டிஸ்க் போய்விட்டால் அவரால் பார்த்துக்கொள்ள முடியாது, யாராலும் முடியாது. அந்த நேரத்தில் ஒரே ஒரு ஆசைதான் வந்தது. இவ்வளவு பேர் சேர்ந்து காப்பாற்றப் பார்க்கிறோமே, அது என்ன என்று ஒரு முறை கண்ணால் பார்த்துவிடலாமே என்று.

அடுத்தவர் ஃபைலை அவர் இல்லாமல் நான் திறப்பதில்லை. இப்போது அவரே இருந்தார். "சார், இதுவரைக்கும் வந்த விடையைத் திறந்து காட்டுங்க. பத்து நிமிஷம் போதும்" என்றேன்.

முடியட்டும், மொத்தமாகப் பார்க்கலாம் என்று அவர் அதுவரை திறக்காமலே இருந்தாராம். பிரின்ஸ்பால் கடிகாரத்தைப் பார்த்தார். அன்பழகன் சார் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார்.

கணக்கில் அர்த்தமே இல்லாத ஒரு வேலையைச் செய்யச் சொன்னால் கம்ப்யூட்டர் என்ன எழுதும் என்று உங்களுக்குத் தெரியும். 'எண் அல்ல' என்பதன் ஆங்கிலச் சுருக்கம், NaN. மூன்றே எழுத்து. நம் ஊர் வாயில் அது 'நான்' என்றுதான் வரும். ஒரு இடத்தில் 'நான்' வந்துவிட்டால் அதைத் தொடும் கணக்கெல்லாம் 'நான்' ஆகிவிடும். மனிதர்களிலும் அப்படிச் சிலரை நாம் பார்த்திருக்கிறோம். திரையில் முதல் சில பக்கங்கள் எண்களாக இருந்தன. அப்புறம் ஒரு மூலையில் ஒரு 'நான்'. அடுத்த பக்கத்தில் அதைச் சுற்றிலும் நாலைந்து. அதற்கடுத்து ஏரி, பள்ளம், பெரியப்பா நிலம், மாமனார் நிலம் என்று திரை முழுவதும் அதுதான். கணக்கு செத்து வாரங்கள் ஆகியிருந்தன. சதவீதம் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

எதிரே கெட்டி மேளம் கொட்டியது.

அன்பழகன் சாருக்கு வந்த முதல் சந்தேகம் மென்பொருள் மேல்தான். அது நியாயம்தான், நிறுவியது நான். சேமித்து வைத்திருந்த ஒற்றைக் கிணற்றுக் கணக்கை அங்கேயே ஓட்டினேன். ஒரு நொடியில் அதே பழைய விடை வந்தது. அவர் பையிலிருந்த தாளை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை; அந்த எண் அவருக்கு மனப்பாடம். அப்படியானால் பழுது உள்ளே போன தகவலில் இருக்கிறது. முதல் 'நான்' முளைத்த இடத்தை வரைபடத்தில் தேடினார். அங்கே ஒரு போர். அதன் தண்ணீர் மட்டங்களை மாதவாரியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு மாதத்தில் நின்றார். மைனஸ் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

அளவு எடுக்க முடியாத மாதத்துக்கு இப்படி ஒரு எண்ணைப் போட்டு வைப்பது அவர்கள் துறையில் வழக்கமாம், யார் பார்த்தாலும் இது வெற்றிடம் என்று புரியட்டும் என்று. மனிதருக்குப் புரியும். கம்ப்யூட்டர் அதை நம்பிவிட்டது. பூமிக்குக் கீழே கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டருக்குத் தண்ணீர் இறங்கிவிட்டதாக எடுத்துக்கொண்டு, சுற்றியிருந்த தண்ணீரையெல்லாம் அந்தத் துளைக்குள் கொட்டி, கடைசியில் வகுக்க முடியாததை வகுத்திருக்கிறது.

அந்த மாதம் ஏன் அளவு எடுக்கவில்லை என்று பிரின்ஸ்பால் கேட்டார்.

அன்பழகன் சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "மோட்டார் ரூம் பூட்டியிருந்துச்சுங்க சார். போர்க்காரங்க வூட்டோட தேர் பாக்கப் போயிட்டாங்க. நானும் அவங்களோட போயிட்டேன்."

முதலில் சிரித்தது பிரின்ஸ்பால்தான். அப்புறம் நான். கடைசியில் அன்பழகன் சாரும் சிரித்தார். அது அழுகைக்குப் பக்கத்தில் இருந்த சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு. ஓடிக்கொண்டிருந்த கணக்கை அவர் கையாலேயே நிறுத்தினார். நான் சர்வரை முறைப்படி அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. எங்கள் அறையில் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

காதர் பாய் கேபிளைச் சுருட்டும்போது, பயன்படாமல் போனதற்காக வருத்தப்பட்டார். பெண்ணின் அப்பா ஆள் அனுப்பி, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். மூன்று பேரும் போனோம். பந்தியில் பொங்கலுக்கு நெய் விட்டுக்கொண்டு வந்த பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா என்று விசாரித்தார்.

"ஜெனரேட்டர் வூடுங்க" என்றார் அன்பழகன் சார். பெரியவர் என்ன நினைத்தாரோ, இன்னொரு கரண்டி நெய் விட்டார்.

விடை நல்லபடியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நேர்மையாகச் சொல்கிறேன், நிறுத்தித்தான் இருப்பேன். அந்தக் கேபிளை என் சர்வரில் செருகியிருக்க மாட்டேன். அன்பழகன் சார் ஒரு வருஷம் என்னோடு பேசாமல் இருந்திருப்பார், பிரின்ஸ்பாலும் வருத்தப்பட்டிருப்பார். கணக்கை மறுபடி ஓட்டலாம். போன டிஸ்க்கை மறுபடி கொண்டுவர முடியாது. ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டிய கட்டாயமே வரவில்லை என்பதுதான் அன்றைய அதிர்ஷ்டம். அவசரம் நம்மிடம் இரண்டே கதவுகளைத்தான் காட்டும். கையில் பத்து நிமிஷம் இருந்தால், எதைக் காப்பாற்றப் போகிறோம் என்று திறந்து பாருங்கள். உயிர் இருக்கிறதா என்று நாடி பிடித்துப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்கு ஓடுங்கள். அன்றிலிருந்து எங்கள் சர்வரில் சதவீதத்தை மட்டும் யாருக்கும் அனுப்புவதில்லை. அதோடு நடுவில் வந்த விடைகளில் ஒரு கைப்பிடியும் போகும். 'நான்' என்று ஒரு இடத்தில் வந்தாலும் கணக்கு அங்கேயே நின்று ஆளைக் கூப்பிடும்.

கூட்டத்துக்கு இருந்த நாட்களில் முழுக் கணக்கு முடியாது. அன்பழகன் சார் அன்று மதியமே அரியலூர் திரும்பி, அந்தப் போரின் விடுபட்ட அளவை அக்கம்பக்கத்து அளவுகளை வைத்து மதிப்பிட்டார். நிலத்தைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்து ஒரு முரட்டுக் கணக்கு ஓட்டலாம் என்று நான் சொன்னேன். துல்லியம் குறையும், ஆனால் விடை நேரத்துக்கு வரும். நிலையை எழுதி வைக்கும் வசதியையும் இந்த முறை போட்டோம். நேரத்துக்கு வந்தது. கிழக்குப் பள்ளத்தில் இறைத்தால் போர்களுக்குப் பெரிய பாதிப்பில்லை. மேற்குப் பள்ளத்தைத் தொட்டால் சுற்றியிருக்கும் போர்கள் இறங்கும்.

கூட்டம் முடிந்து அவரே போன் செய்தார். ஒரு விவசாயி எழுந்து, இந்தக் கணக்கை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்டாராம். இவர் எதையும் மறைக்காமல், இது முரட்டுக் கணக்கு, நுணுக்கமான கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அது வரும்வரை மேற்குப் பள்ளத்தைத் தொட வேண்டாம், கிழக்கிலும் கொஞ்சமாகத் தொடங்கி மாதாமாதம் போர்களை அளந்து பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது. பெரியப்பா வீட்டில் சோறு உண்டா என்று கேட்டேன். ரெண்டு வீட்டிலும் உண்டு என்றார். பின்னால் முடிந்த நுணுக்கமான கணக்கும் அதையேதான் சொன்னது.

ஏரிக்குத் தண்ணீர் விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறி அரியலூர் போனேன். இத்தனை வருஷம் சர்வர் அறையில் இருந்தவள், அங்கிருந்து வெளியே போன ஒரு விடை என்ன ஆனது என்று ஒரு முறைகூடப் போய்ப் பார்த்ததில்லை. வாய்க்காலில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு கலந்த வெளுப்பு. மடையைத் திருப்பிக்கொண்டிருந்த ஒருவரிடம் அன்பழகன் சார் என்னை அறிமுகப்படுத்தினார். இந்தத் தண்ணீர் வந்ததில் மேடத்துக்கும் பங்கு உண்டு என்றார்.

மடை திருப்பியவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, நான் எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டார். கம்ப்யூட்டர் என்றேன்.

"தண்ணிக்கும் கம்ப்யூட்டருக்கும் என்னங்க?"

அன்பழகன் சார் விளக்கத் தொடங்கினார். கட்டங்கள், போர்கள், மாதங்கள் என்று கையால் காற்றில் வரைந்து வரைந்து சொன்னார். அந்த மனிதர் பொறுமையாக முழுவதையும் கேட்டார். பிறகு என் செருப்பைப் பார்த்தார்.

"அதக் கழட்டி வச்சுட்டு எறங்குங்க. இவ்ளோ தூரம் வந்துட்டுக் கால நனைக்காமப் போனா எப்படி" என்றார்.

இறங்கினேன். தண்ணீர் நல்ல குளிர்ச்சி.